ஒரு மிளகாய்க்கு ஒரு வரி

காலை ஒன்பது மணி ஆவதற்குள் கெர்கீனா தோஷேவா மேசையை விட்டுப் பதினோரு முறை எழுந்துவிட்டாள். ஒரு முறை தண்ணீர் குடிக்க, ஒரு முறை குடித்த டம்ளரைக் கழுவ, இன்னொரு முறை கழுவிய டம்ளரைத் துடைக்க. மற்ற எட்டு முறைக்கும் காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எழுந்தாள், நாலு எட்டு நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். தாளில் ‘அந்த மனிதர்’ என்ற இரண்டு வார்த்தைகள் இருந்தன. அவையும் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பவை.

மேசையைக் குறை சொல்ல முடியாது. வாதுமை மரத்தில் செய்தது. இழுப்பறைகள் விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். கை வைக்கும் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குழந்தையின் கன்னம் போல ஆக்கியிருந்தான் அவள் கணவன் லியூபென். எங்கள் பிளெவென் ஊர் ரயில் பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதன் அவன். பால்கனிக்குக் கண்ணாடி போட்டு, சாமான்களை எல்லாம் நிலவறைக்கு இறக்கி, விளக்கு மாட்டி, குளிர் புகாமல் இடுக்குகளை அடைத்து, ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்து அவளுக்கு ஒரு எழுத்தறையை உண்டாக்கியிருந்தான். குடியிருப்பில் அவன் கூட்டி வந்து காட்டாத ஆள் பாக்கியில்லை.

அந்த அறையில் பிப்ரவரியிலிருந்து அவள் ஒரு கதைகூட எழுதவில்லை.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். எனக்கும் தெரியவில்லை.

கெர்கீனா இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். நாலாம் நம்பர் ஜன்னல். லோவெச், ருசே, நிகோபோல் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பயணி போய் அடுத்தவர் வருவதற்குள் இரண்டு நிமிஷம் கிடைக்கும், மூன்று நிமிஷம் கிடைக்கும். அந்த இடைவெளியில் பழைய பயண அட்டவணைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவாள். ஜன்னல் தட்டப்படும். டிக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த வரி. அப்படியே நாலு கதைகள். யாரிடமும் காட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் முழுதும் தன் கையில் இருக்கும், ஆற அமர எழுதலாம் என்று கனவு கண்டாள். ஓய்வும் வந்தது, நாளும் கையில் இருந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. யாரும் ஜன்னலைத் தட்டவில்லையே!

பிறகு போன வருஷம் செப்டம்பர் வந்தது. எங்கள் ஊரில் செப்டம்பர் என்றால் எல்லாப் பால்கனியிலும் சிவப்புக் குடைமிளகாய் சுடும் வாசனைதான். சுட்டு, தோலுரித்து, புட்டியில் அடைத்து, வேகவைத்து, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்காத வீட்டைப் பற்றிப் பின்னால் பேசுவார்கள். அதற்கென்றே சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு மின்சார அடுப்பு உண்டு, சுஷ்கோபெக் என்று பெயர். ஒரு மிளகாயை உள்ளே நிறுத்தி மூட வேண்டும். மூன்று நிமிஷத்தில் தோல் கருகும். எடுத்துச் சட்டியில் போட்டு, அடுத்ததை நிறுத்த வேண்டும். ஐம்பது கிலோ மிளகாய் என்றால் எத்தனை மூன்று நிமிஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கெர்கீனா கணக்குப் போடவில்லை. முதல் நாள் சும்மா இருக்கிறோமே என்று பென்சிலை எடுத்தாள். மிளகாய் கருகுவதற்குள் ஒரு வரி வந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள், அடுத்த வரியும் வந்தது. மூன்று வாரத்தில் எட்டுக் கதைகள். கரி படிந்த அந்தத் தாள்களைக் கதைகள் என்று முதலில் நம்பியது நூலகக்காரி. அவள் பழைய நாலையும் சேர்த்துத் தலைநகர் சோபியாவில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பி வைத்தாள்.

பதிப்பகத்தில் ரதோஸ்தினா என்ற பெண் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பன்னிரண்டும் பிடித்திருக்கிறது, ஆனால் பதிமூன்றாவதாக நீளமாக ஒன்று வேண்டும், அது இல்லாமல் புத்தகம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கெர்கீனாவிடம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் நிகோபோலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, எப்போதும் தனியாகவே பேருந்தில் ஏறிய ஒரு மனிதரின் கதை. அவர் எதற்கு அந்த இரண்டாவது டிக்கெட்டை வாங்கினார் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

‘அந்த மனிதர்.’ அவ்வளவுதான். எட்டு மாதமாக அங்கேயே நிற்கிறார்.

ரதோஸ்தினா செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். “கோவிச்சுக்காதீங்க கெர்கீனாம்மா. அக்டோபர் பத்தாந் தேதி வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. அன்னிக்கு வரலன்னா, புத்தகம் அடுத்த வருஷமும் கிடையாது. அதுக்கப்புறம் பாக்கலாம்.”

“வந்துடும்மா. அஞ்சு மணி சோபியா பஸ் டிரைவர்கிட்ட குடுத்து விட்டுர்றேன். நீங்க ஸ்டேஷன்ல வாங்கிக்கங்க.”

“முடிச்சிட்டீங்களா?”

“முடிச்ச மாதிரிதான்.”

பொய் சொன்ன வாயைக் கழுவுகிறவள் போல உடனே போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பயம் இல்லை. மிளகாய்க் காலம் வந்துவிட்டதே. சந்தையில் ஐம்பது கிலோ வாங்கிப் போட்டால் அந்த நிகோபோல்காரர் தானாகவே வாயைத் திறப்பார். கண்ணாடி போட்ட பால்கனியில் புகை போக வழியில்லாவிட்டால் என்ன, சமையலறை ஜன்னல் ஓரம் போதும். சனிக்கிழமை சந்தைக்குப் போவதென்று முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமையே லியூபென் அவளை முந்திக்கொண்டான்.

மத்தியானம் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வந்தான். இரண்டு கையிலும் பெரிய பெரிய பைகள். பைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சந்தையில் உருளையைச் சுழற்றிச் சுழற்றி மூட்டை மூட்டையாக மிளகாய் சுட்டுத் தருகிறவர்களிடம் அறுபது கிலோவையும் ஒரே மணி நேரத்தில் சுட்டு வாங்கியிருந்தான்.

“பாத்தியா? உனக்கு ஒரு வேலையும் இல்ல. தோலுரிக்கிறதும் நான், அடைக்கிறதும் நான். போன வருஷம் பாவம், அந்தப் புகையில நின்னுக்கிட்டே எட்டுக் கத எழுதின. மிளகாய் தொந்தரவு இல்லன்னா எத்தன எழுதியிருப்ப! நீ போ. போய் உக்காந்து எழுது.”

எங்கள் ஊர் ஆண்கள் பெண்டாட்டிக்கு அன்பு காட்டுகிற வேகத்தில் இப்படித்தான் அவள் காலடியில் இருக்கிற நிலத்தைப் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். கெர்கீனா அந்தப் பைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மூன்று நிமிஷங்கள் ஒரேயடியாகக் கருகிக் கிடந்தன. “நல்லவனப்பா நீ,” என்றாள். அவன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசையில் உட்கார்ந்தால் வீடு முழுக்க நிசப்தம். சமையலறையில் லியூபென் தோலுரிக்கிற சத்தம்கூட வராது. ரேடியோ கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, அவன் காலடி ஓசைகூடக் கிடையாது. மனுஷன் கிழவனாகிவிட்டான், பேச்சே குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பணிமனைக் கதை ஒன்றை மூன்று நாள் சொல்வான். இப்போது ‘சாப்பாடு ஆச்சு’ என்பதைக்கூடக் கதவிடுக்கில் தலையை நீட்டி உதட்டை அசைத்துத்தான் சொல்கிறான். கேட்கலாம் என்று தோன்றும். கேட்டால் பேச்சு மேசைக்கு வந்து நிற்குமோ என்று பயந்து விட்டுவிடுவாள்.

பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய சிநேகிதிகள் சூழ்ந்துகொண்டு கேக் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பூங்காவுக்குப் போனாள். புறா மட்டும்தான் வந்தது. கடைசியில் மாத முடிவில், கீழ்வீட்டு ஸ்தோய்னா தன் கார்க்கொட்டகையில் மிளகாய் சுட ஆரம்பித்திருக்கிறாள் என்று மூக்கு சொன்னது. ஸ்தோய்னாவுக்கு நாற்பது வயது, முதுகுவலி, மூன்று பிள்ளைகள்.

“ஸ்தோய்னா, நான் வந்து சுட்டுத் தரட்டுமா?”

“என்னக்கா, கிண்டலா? உங்க வீட்டுலதான் லியூபென் அண்ணன் அறுபது கிலோ முடிச்சிட்டாரே. ஊரே பேசுது.”

“வீட்டுல போரடிக்குது. யார்கிட்டயும் சொல்லாத.”

“நான் எதுக்குச் சொல்றேன்? சும்மா வர்ற ஆள யாராவது வேணாம்பாங்களா? இன்னும் எங்கம்மா வீட்டு மிளகாயும் எழுபது கிலோ இருக்கு. அதையும் கொண்டு வரட்டுமா?”

“கொண்டு வா, கொண்டு வா!”

மறுநாளிலிருந்து கெர்கீனா கடைக்குப் போகிறேன், நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். கொட்டகையில் பெட்ரோல் வாடை. உட்காரக் கவிழ்த்த பெட்டி ஒன்று. மடியில் ஒரு பலகை. முதல் மிளகாயை நிறுத்தி மூடினாள். மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. ‘அந்த மனிதர் எப்போதும் சில்லறையைச் சரியாகக் கொண்டு வருவார்’ என்று எழுதினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வரி. அழுதுவிட்டாள். யாராவது கேட்டால் மிளகாய்ப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் எட்டாந் தேதி புதன்கிழமைக்குள் பத்தொன்பது பக்கம் வந்துவிட்டது. நிகோபோல்காரர் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தொப்பியை வைத்துவிட்டார். இனி ஏன் என்பதுதான் பாக்கி. அதுதான் வருவேனா என்றது. அவள் மூடியைத் திறந்து நிமிர்ந்தபோது கொட்டகை வாசலில் லியூபென் நின்றிருந்தான்.

அவன் அடுப்பைப் பார்த்தான். அவளுடைய கருத்த விரல்களைப் பார்த்தான். மடியில் இருந்த தாள்களைப் பார்த்தான். திரும்பி நடந்தான்.

அவள் மிளகாயை உள்ளேயே போட்டுவிட்டு ஓடினாள். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வீட்டுக்குள் போனால், அவன் எழுத்தறையில் நின்று மேசை விளக்கின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்ற லியூபோ?”

“கழட்டறேன். ஸ்தோய்னாவோட கொட்டகையில வெளிச்சம் கம்மி. அங்க மாட்டித் தர்றேன்.”

“அப்படிப் பேசாத.”

“வேற எப்படிப் பேசறது? அடுத்த வீட்டு மிளகாய்க்கு ஓடிப்போய் நிக்கற. நான் போட்ட மேசை என்ன முள்ளா குத்துது?”

“குத்தலப்பா. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. அதுதான்…” அவள் நாற்காலியில் உட்காரப்போய், உட்காராமல் நின்றாள். “எனக்கு யாராவது நடுவுல வந்து தட்டணும். ஏதாவது கருகணும். அப்பதான் ஓடுது. இங்க எல்லாம் இருக்கு, தட்டறதுக்கு ஆளில்ல. பிப்ரவரிலேர்ந்து இங்க நான் ஒரு வரிகூட எழுதல. உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல.”

லியூபென் திருப்புளியைக் கீழே வைத்தான்.

“ஒரு வரிகூடவா?”

“ஒரு வரிகூட.”

“அடிப்பாவி. நான் எட்டு மாசமா வீட்டுக்குள்ள சாக்ஸோட நடக்கறேன். மேட்ச் பாக்கறப்ப சத்தத்த அணைச்சிட்டுப் பாக்கறேன். கோல் விழுந்தா தலகாணியக் கடிச்சுக்கறேன். என் அண்ணன் போன் பண்ணா மாடிப்படியில போய் நின்னு பேசறேன். என்னத்துக்கு? இவ எழுதறா, இவ எழுதறான்னு…”

கெர்கீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவன் கிழவனாகவில்லை, இவளுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். இருபத்தெட்டு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பெருமூச்சு விட்டால்கூட என்ன விஷயம் என்று யோசித்தவள், ஒரே வீட்டில் ஒரு மனிதன் ஊமையாகிப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“பேசு லியூபோ. எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் இங்கயே உக்காந்து எழுதறேன், நீ அங்க நின்னு பேசு.”

“நெசமாவா? நான் பேசினா நீ எழுதிடுவியா?”

“பேசித்தான் பாரேன்.”

பேசினான். அணை உடைந்த மாதிரி பேசினான். பழைய பணிமனைக்குப் புதிதாக வந்த மேலாளரைப் பற்றி, தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி, மூன்றாம் மாடிக்காரன் லிஃப்டில் நாயைக் கூட்டிப் போவதைப் பற்றி. அவள் பென்சிலை எடுத்தாள். ஒரு வரி வந்தது. வாதுமை மேசையில் அவள் எழுதிய முதல் வரி. நடுநடுவே ‘ம்’ என்றாள். ‘கேக்கறியா?’ என்றான் அவன். ‘இல்ல’ என்றாள். ‘நல்லது’ என்று தொடர்ந்தான். அரைப் பக்கம் ஓடிவிட்டது.

“அப்புறம் மார்ச்சுல ஒருநா நெஞ்சு வலிச்சுது,” என்றான் அதே மூச்சில். “இடது கையெல்லாம் இழுத்துச்சு. சமையலறைத் தரையிலயே உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல சரியாப் போச்சுன்னு வையி. அந்த மூணாம் மாடிக்காரன் இருக்கானே, அவனும்…”

பென்சில் நின்றது.

“நான் எங்க இருந்தேன்?”

“இங்கதான். கதவு சாத்தியிருந்துச்சு. எழுதிட்டிருக்கியேன்னு தட்டல.”

அன்றைக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? இதே மேசைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து, யாராவது ஒருத்தர் கதவைத் தட்ட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினாள். “தட்டணும்டா! தட்டித் தொலைக்கணும்!” என்று கத்தினாள். பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை குடும்ப மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் இதயச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பாலிகிளினிக். தாள்கள் பையில்தான் இருந்தன, வெளியே எடுக்க மனம் வரவில்லை. அங்கே எங்கள் ஊர் வழக்கப்படி வருகிற ஒவ்வொருவரும் கதவைத் திறந்ததும் “யாரு கடைசி?” என்று கேட்டார்கள். கடைசி ஆள் கை தூக்கினால், அவருக்குப் பின்னால் தன் இடத்தை நினைவு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மருத்துவர் அறைப் பலகையை நாலு தரம் படித்தாள், மறுபடி வந்து லியூபெனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கத என்னாச்சு? அஞ்சு மணி பஸ்ஸாச்சே.”

“போனா போகட்டும்.”

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மருத்துவர் ஒயர்களை ஒட்டினார், நீளத் தாளில் கோடுகளைப் பார்த்தார், மார்ச்சில் வந்தது சும்மா வலி இல்லை என்றார், அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று திட்டினார். மாத்திரை எழுதினார். இரண்டு வாரத்தில் இன்னொரு சோதனை. இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் இனிமேல் வலித்தால் கத்த வேண்டும் என்றார். “கத்துவார்,” என்றாள் கெர்கீனா.

வெளியே வந்து கோட்டை எடுத்தாள். லியூபென் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“ரெண்டு மணி. எவ்வளவு பாக்கி இருக்கு?”

“ஒரு பக்கம். முடிவுதான். வா, வீட்டுக்குப் போலாம். நீ படுக்கணும்.”

“டாக்டர் படுக்கச் சொல்லல. இங்கயே உக்காரு. மூணு நிமிஷத்துக்கு ஒருத்தன் வந்து கதவத் திறக்கறான், இதவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? எடு பென்சில.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நிறம் திரும்பியிருந்தது. உட்கார்ந்தாள், பையை மேசையாக்கி மடியில் வைத்துத் தாளைப் பரப்பினாள். அந்த மனிதர் இரண்டாவது இருக்கையை யாருக்காகவும் பிடித்து வைக்கவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்து, என்னய்யா உடம்பு சரியில்லையா, முகம் வாடியிருக்கே என்று கேட்டுவிடக் கூடாதென்று பணம் கொடுத்து வாங்கிய காலியிடம் அது. அவ்வளவு பேரும் அவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள். அவள் ஜன்னலில் அவளும் சில்லறையை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல்தான் இருந்தாள்.

கதவு திறந்தது. கம்பு ஊன்றிய ஒரு மனிதர் தலையை நீட்டினார்.

“யாரு கடைசி?”

“அந்தப் பச்சைக் கோட்டு அம்மா,” என்றான் லியூபென். “நாங்க வரிசையில இல்ல. பாத்தாச்சு. என் பெண்டாட்டி கத எழுதறா, அதுக்கு உக்காந்திருக்கோம். அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சத்தம் வராமல் மடித்தார். கம்புக்காரர் ரப்பர் நுனி தரையில் படாமல் கம்பைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். தாழ்வாரம் முழுக்க மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. கெர்கீனாவின் பென்சில் தாளின் மேல் அப்படியே நின்றது.

லியூபென் பதறிக்கொண்டு எழுந்தான்.

“ஐயையோ, அமைதியா இருக்காதீங்க! தயவுசெஞ்சு யாராவது பேசுங்க! அம்மா, உங்க முழங்காலுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க, நான் கேக்கறேன்!”